வீட்டுப் பாடம் யாருக்கு?

(வடக்குத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தில் பெற்றோர் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்று பேசச் சொன்னார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: பாடம் பிள்ளைக்கா, தகப்பனுக்கா?

பக்கத்து நெய்வேலி நகரியத்தில் இஞ்சினீயர் வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பனாரே கணக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார். சுரங்கத்துக்கு ஒப்பந்தக் கூலியாக இரவு ஷிப்டுக்குப் போகிற தோழரும், முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்து வருகிற தாயும் எதைச் சொல்லிக் கொடுப்பது? மறுநாள் இருவர் நோட்டையும் பக்கத்தில் வைத்து உபாத்தியாயர் மார்க்குப் போட்டால், அது பிள்ளையின் அறிவுக்குப் போட்ட மார்க்கா, பிறந்த வீட்டுக்குப் போட்ட மார்க்கா?

1953-இல் இராஜகோபாலாச்சாரியார் சர்க்கார், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அரை நேரம் போதும், மீதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்த்தோம். 1954-இல் காமராசர் முதல் மந்திரியானதும் அது ஒழிந்தது. படிப்பில் பாதியைப் பெற்றோர் தலையில் கட்டினால், பிள்ளை பெற்றோரைத் தாண்ட முடியாது என்பதுதானே நம் வாதம்? அது வீட்டுப் பாடத்துக்கும் பொருந்தாதா?

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப் பாடமே கூடாதென்று 2018-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2020-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கையும், 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணிக்கு மேல் கூடாது என்கிறது. எத்தனை பள்ளிக்கூடம் கேட்கிறது என்பதைப் பையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்!

அப்படியானால் நாம் சும்மா இருப்பதா என்பீர்கள். சும்மா இருக்க வேண்டாம். எழுதிக் கொடுக்காமல் இருங்கள். பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கு தப்பாகவே பள்ளிக்கூடம் போகட்டும். அப்போதுதான் எங்கே புரியவில்லை என்று உபாத்தியாயருக்குத் தெரியும். நீங்கள் திருத்தி அனுப்பினால் நோயை மறைத்து வைத்தியரிடம் அனுப்பியது போலாகும். (சிலர் கடையில் தெர்மோகோல் வீடு வாங்கிக் கொடுத்து, பிள்ளை செய்தது என்கிறார்கள். கடைக்காரருக்கல்லவா மார்க்கு!)

எழுத்தறியாத பெற்றோர் வெட்கப்படத் தேவையில்லை. "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அடிக்காதீர்கள். பையன் படிக்கையில் பெண்ணைப் பாத்திரம் கழுவ அனுப்பாதீர்கள். இருவருக்கும் ஒரே விளக்கு, ஒரே நேரம் கொடுங்கள்.

சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கே போய், மாலையில் பள்ளிக்கூடத்திலேயே ஒரு மணி நேரம் பாடத்தை முடித்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள் என்று கேளுங்கள். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்று சர்க்காரே மாலை வகுப்பு நடத்தியதை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நாளைக்கே தலைமை உபாத்தியாயரிடம் விசாரியுங்கள்.