பள்ளிக்கூடம் யார் பொறுப்பு?

பள்ளிக்கூடங்களை அரசாங்கம் நடத்துவதைவிடத் தனியாரிடம் ஒப்படைத்துவிடுவதே மேல் என்று கூறுவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். அரசாங்கப் பள்ளியில் ஆசிரியர் வராவிட்டால் கேட்பாரில்லை. கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கோ கேட்கும் உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. கூலி வேலை செய்வோரும் கடன்பட்டாவது தம் மக்களைத் தனியார் பள்ளிக்கு அனுப்பக் காண்கிறோம். அவர்களை விவரம் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

ஆயினும், அரசாங்கமா தனியாரா என்று இரண்டே வழிகள் இருப்பதுபோல் பேசுவது நம் நாட்டுக் கல்வி வரலாற்றுக்குப் பொருந்தாது. 1854-ஆம் ஆண்டில் சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசாங்கம் மானியம் அளிக்கும் முறைக்கு வித்திட்டது. பாதிரிமார்களும், தரும ஸ்தாபனங்களும், சமூகச் சங்கங்களும் நிறுவிய பள்ளிகள் பல இம்முறையாலேயே தழைத்தன. நிர்வாகம் தனியாருடையது, செலவில் பெரும்பங்கு பொதுப் பணம்.

இவ்வேற்பாட்டின் சிக்கலைக் கேரளத்தில் காணலாம். 1957-இல் கல்வி மந்திரியாக இருந்த ஜோசப் முண்டசேரி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மானியப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசாங்கமே நேரே சம்பளம் கொடுக்கும். ஆசிரியர்களைத் தேர்வாணையத்தின் பட்டியலிலிருந்தே நியமிக்க வேண்டும். பெரும் புயல் கிளம்பிற்று. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். மசோதாவின் சில பிரிவுகள் சிறுபான்மையோரின் உரிமைக்கு முரணானவை என்று 1958-இல் நீதிமன்றம் கூறியது. அதே சமயம், நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமையாகாது என்றும் தெளிவுபடுத்தியது. மசோதா திருத்தப்பட்டுச் சட்டமாயிற்று. கிளர்ச்சியோ ஓயவில்லை, 1959-இல் அந்த மந்திரிசபையே நீக்கப்பட்டது. முடிவில் நின்றது என்ன? சம்பளம் அரசாங்கத்துடையது, நியமனம் நிர்வாகியுடையது. வேலைக்குப் பணம் கைமாறுகிறது என்ற புகார் அங்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. பொதுப் பணத்தைத் தனியார் கையில் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்கத் தயங்கினால் இதுதான் நேரும் என்பது நம் கருத்து.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் ஒருவகையில் பழைய மானியத்தின் வழிவந்ததே. மானியம் பெறாத தனியார் பள்ளிகள், சிறுபான்மையோர் பள்ளிகள் நீங்கலாக, தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு அளிக்கவேண்டும்; அரசாங்கம் தான் ஒரு மாணவனுக்குச் செலவிடும் அளவுக்கு மிகாமல் ஈடு செய்யும். நகரத்தில் இது நற்பயன் தரலாம். மலைச்சரிவில் இருபது குழந்தைகளே உள்ள குடியிருப்பில் எந்தத் தனியார் வந்து பள்ளி வைப்பார்? வரவு இல்லாத இடத்துக்கு வரும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

2021-22 கணக்குப்படி நாட்டிலுள்ள சுமார் 14.89 லட்சம் பள்ளிகளில் சுமார் 10.22 லட்சம் அரசாங்கப் பள்ளிகள். மேற்சொன்ன சட்டத்தின்கீழ் மத்திய அரசாங்கம் வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கவேண்டும் என்கின்றன. மாணவர் தொகை குறைந்தது என்று ஒரு பள்ளியை மூடி, அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைக்குமுன், வழியில் ஓடை உண்டா, காடு உண்டா, ஏழு வயதுப் பெண் குழந்தை தனியே நடந்துபோக முடியுமா என்று அதிகாரிகள் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். தனியாரிடம் ஒப்படைக்கச் சொல்லும் நண்பர்களும் அவர்களுடன் செல்லலாம்.