மாதுங்காவில் ஒரு காலை நடை
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டில்லி, கொல்கத்தா, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். கல்யாணம், உபநயனம் என்று மும்பை மாதுங்காவுக்கு வராதவர் உங்களில் அபூர்வம். ஆனால் டாக்ஸியில் வந்து மண்டப வாசலில் இறங்கி, சாப்பிட்டு, தாம்பூலப் பையுடன் மறுபடியும் டாக்ஸியில் ஏறினால் மாதுங்காவைப் பார்த்ததாகாது. அங்கே நடக்க வேண்டும். அதுவும் காலையில், வெறும் வயிற்றோடு.

மத்திய ரயில்வேயின் மாதுங்கா ஸ்டேஷனில் இறங்குங்கள். (மாதுங்கா ரோடு என்பது மேற்கு ரயில்வேயில் வேறு ஸ்டேஷன், வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.) 2017 முதல் முழுக்கப் பெண்களே நடத்திவரும் ஸ்டேஷன் இது. வெளியே வந்தால் பூக்கடைகள். துளசி, வாழையிலை, தொடுத்த மல்லிகை எல்லாம் உண்டு. விலையைத் தமிழிலேயே கேட்கலாம். அங்கிருந்து கொச்சு குருவாயூர் என்று எல்லோரும் சொல்லும் ஆஸ்திக சமாஜம் பக்கத்தில்தான்.

தெருக்கள் அகலமாக, மரநிழலோடு இருப்பது தற்செயல் அல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலைக் குறைக்க 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். அவர்கள் மனை பிரித்த பகுதிகளில் தாதரும் மாதுங்காவும் அடக்கம். குமாஸ்தா வேலைக்கு வந்த நம்மவர்கள் பிறகு இங்கே குடியேறினார்கள்.

இனி டிபன். 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-ல் தொடங்கிய ராமா நாயக்கின் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இரண்டுமே உடுப்பிக்காரர்களுடையவை. நம் நாக்கைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான் என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஞாயிறன்று வாசலில் வரிசை நிற்கும். திங்களன்று போகாதீர்கள், பல கடைகளுக்கு விடுமுறை. முதல் கடையில் ஒரே ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டால்தான் இரண்டாவது கடைக்கு இடமிருக்கும். ஆனால் காபியை இரண்டிலும் குடிக்கலாம்!

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி அரைமணி நடந்தால் ஷண்முகானந்தா ஹால். 1990-ல் தீப்பிடித்து, 1998-ல் மறுபடியும் திறந்தது. வழியெல்லாம் பழைய மூன்று மாடி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து, கோபுரம் போன்ற கட்டடங்கள் எழுகின்றன. நம் பிள்ளைகள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எப்போதோ போய்விட்டார்கள்.

பெரும்பாலோர் இங்கேயே திரும்பிவிடுவார்கள். நான் சொல்வது, திரும்பாதீர்கள். சயான் பக்கம் போய் ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. அங்கேயும் தமிழ்தான், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரன், பேத்திகள். நாற்பது வருஷம் மாதுங்காவில் இருந்தும் அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போகாத குடும்பங்கள் நம்மில் உண்டு. மும்பைத் தெருக்களில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் வைத்து, ஹாரன் அடித்து இட்லி விற்கிறார்களே, அந்த இட்லியில் பெரும்பகுதி வெந்து வருவது தாராவி வீடுகளில்தான். விடியுமுன் மாவு, சட்னி, சாம்பார் எல்லாம் தயார். மறுசீரமைப்புத் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. இந்தச் சந்துகள் இப்படியே இருக்கப் போவதில்லை.

நமது மும்பை உறுப்பினர்கள் சிலர் குளிர்காலத்தில் இந்த வழியில் நடப்பதாக இருக்கிறோம். பேரக் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். தாராவியில் ஒரு டீ குடித்து, "எந்த ஊருங்க?" என்று கேளுங்கள். அவர்களும் உங்களை அதையேதான் கேட்பார்கள்.