டிசம்பர் 25 அங்கே வேலை நாள்
(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



எத்தியோப்பியாவுக்கு மருத்துவ ஊழியத்துக்குப் போய்வந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எத்தனை நோயாளிகள், எவ்வளவு மருந்து என்கிற கணக்கை விட்டுவிடுகிறேன். கிறிஸ்துமஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2018 டிசம்பரில் ஆறு பேர் லாலிபெலாவை ஒட்டிய மலைக்கிராமங்களில் முகாம் போட்டோம். பெட்டியில் காகித நட்சத்திரம், பாட்டுப் புத்தகம், நெய் மணக்கும் மைசூர்பாகு எல்லாம் இருந்தது. 25-ம் தேதி விடிந்தால் ஊரே வழக்கம்போல வேலைக்குப் போகுது! அங்கே வேறு காலண்டர். நாம் 2018 என்றால் அவர்களுக்கு 2011. கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல். 'கென்னா' என்று பெயர். அதற்கு முன் 43 நாள் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. மைசூர்பாகை நீட்டினோம். அங்கே இருந்த நர்ஸம்மா சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்: "பண்டிகைக்கு."

முகாமுக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். கடுமையான ரத்தசோகை. "முட்டை, பால் சாப்பிடும்மா" என்றார் எங்கள் டாக்டர். அந்தப் பெண் தலையாட்டினார். சாப்பிட மாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. நர்ஸம்மா வாதாடவில்லை. அவர்கள் வீட்டுக் குருவானவருக்கு ஆள் அனுப்பினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒரு குரு உண்டு. பிள்ளைத்தாய்ச்சிக்கும் நோயாளிக்கும் நோன்பில் விலக்கு உண்டு என்று அவரே எடுத்துச் சொன்னார். அதற்கும், "கென்னா கழியட்டும்" என்றுதான் பதில்! கடைசியில் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, இரும்புச்சத்து மாத்திரை என்று முடிவாயிற்று.

மாத்திரை வேளையிலும் ஒரு சங்கதி. சூரியன் உதித்ததிலிருந்து மணி எண்ணுகிறார்கள், நம் பாட்டன்மார் நாழிகை எண்ணிய மாதிரி. நமக்கு ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. சீட்டில் 'எட்டு மணி' என்று போட்டால் அது பிற்பகல் இரண்டு. நர்ஸம்மா எங்கள் சீட்டுகளில் எல்லாம் சூரியன் படம் வரைந்து கொடுத்தார்.

25-ம் தேதியே ஊரைக் கூட்டி நாம ஒரு ஆராதனை நடத்தலாமே என்றார் குழுவில் ஒருவர். இன்னொருவர், "இவங்களுக்கு கிறிஸ்துமஸ் நாமளா கொண்டு வந்தோம்?" என்றார். நியாயம்தானே! தரங்கம்பாடிக்கு சீகன்பால்க் வந்து இறங்கியது 1706-ல். அங்கே நான்காம் நூற்றாண்டிலேயே எசானா அரசன் கிறிஸ்தவனாகிவிட்டான். அன்று ராத்திரி அறைக்குள்ளேயே எங்கள் பாட்டுகளைப் பாடி முடித்தோம். டிக்கெட் ஜனவரி 4-க்கு. மூன்று பேர் கூடுதல் பணம் கட்டித் தேதியை மாற்றிக்கொண்டு தங்கிவிட்டோம்.

லாலிபெலாவில் 11 கோயில்கள், ஒவ்வொன்றும் பாறையைக் குடைந்தது. நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும், நம் கிராமத்துக் கோயில்களைப் போலவே. 2,500 மீட்டர் உயரம், எலும்பைத் துளைக்கிற குளிர். வெள்ளைப் போர்வை போர்த்திய ஆயிரக்கணக்கான ஜனங்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள். விடிந்ததும் மரியாள் கோயிலைச் சுற்றியுள்ள பாறை விளிம்பில் ஒரு வரிசைக் குருமார், கீழே முற்றத்தில் இன்னொரு கூட்டம். மேலே பாட, கீழே பதில் பாட, மத்தளம் அதிர்ந்தது. மேலே நிற்பவர்கள் தேவதூதர்களாம், கீழே மனுஷர். ஒரு வார்த்தை புரியவில்லை. அசையத் தோன்றவில்லை.

மத்தியானம் அந்தக் கர்ப்பிணிப் பெண் வீட்டில் விருந்து. புளித்த மாவில் சுட்ட இன்ஜெரா, நம் ஆப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதன் மேல் கோழிக்குழம்பு, குழம்பில் அவித்த முட்டை. அந்தப் பெண் முதலில் முட்டையை எடுத்து, எங்கள் டாக்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்! நர்ஸம்மா மைசூர்பாகோடு வந்து சேர்ந்தார். காப்பி மூன்று சுற்று; பாதியில் எழுந்தால் மரியாதை இல்லை.

2020-ல் வடக்கே தொடங்கிய போர் 2021-ல் லாலிபெலா வரை வந்துவிட்டது. 2023-ல் மறுபடி சண்டை. ஆகவே நிலைமை பார்த்துத்தான் போகணும். வழி கிடைத்துப் போகிற தம்பி தங்கைகள், திரும்பும் டிக்கெட்டை ஜனவரி 7-க்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.