தலைசுற்றலைப் "பித்தம்"னு ஒதுக்காதீங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் திருப்பம், வங்கி இணைப்பு இதைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு நாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நம் குழு ஒன்றில் ஊக்குநராக இருக்கும் ஓர் அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. அவர் தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வரவில்லை. விதிப்படி குழு அபராதம் போட்டது. நாங்களும் மாத அறிக்கையில் "ஆர்வம் குறைந்துவிட்டது, ஊக்குநரை மாற்ற வேண்டும்" என்று எழுதிவிட்டோம். வீட்டுக்குப் போய் "ஏங்க்கா வரலை?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடந்தது என்ன? படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது. பரணில் இருக்கிற பானையை அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிறது. கூடவே குமட்டல், வாந்தி. தெருவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து, "குடிச்சிருக்கா போல" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் அக்கா வெளியே வருவதையே விட்டுவிட்டார். பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்தார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிறகு மெடிக்கலில் தலைசுற்றல் மாத்திரை வாங்கி ஐந்து மாதம் போட்டார். கடைசியில் தண்ணீர்க் குடத்தோடு வாசற்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனோம். "தலைசுற்றலுக்குக் காது டாக்டரா?" என்று அக்காவுக்கும் சந்தேகம், எங்களுக்கும் சந்தேகம். டாக்டர் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று சாய்த்துப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி தானாக ஆடியது. "இதுதான் நோய்" என்றார்.

நம் உட்காதுக்குள் மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். பக்கத்து அறையில் ஒட்டியிருக்கிற பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள் சில சமயம் பெயர்ந்து அந்தக் குழாய்க்குள் போய்விடும். வயது கூடக்கூட இது அதிகம் வரும். தலையில் அடிபட்டாலும் வரும். படுக்கும்போதும் எழும்போதும் நிமிரும்போதும் சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். இதற்கு மாத்திரையைவிடக் கைமுறைதான் வைத்தியம். அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி இந்த முறையை விளக்கி 1992-ல் கட்டுரை எழுதினார். தலையை வரிசையாக நாலு நிலையில் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே அனுப்புவார்கள். பத்து நிமிஷ வேலை. அந்த அக்காவுக்கு இரண்டு முறை செய்தார்கள், சரியானது. மறுபடி வரலாம், வந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் சகோதரிகளே, எல்லாத் தலைசுற்றலும் இதுவல்ல.

காதில் இரைச்சல், காது மந்தம், மணிக்கணக்கில் சுற்றல் என்றால் அது வேறு காது நோயாக இருக்கலாம். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் ரத்தக் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, பி.பி. இறங்குவது காரணமாக இருக்கலாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாதவிலக்கில் அதிகம் போகிறவர்கள் அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லணும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீங்க. சத்து உடம்பில் சேராது.

சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடவுக்குப் போனாலும் கிறுகிறுக்கும். 2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியபோது பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வந்தது. நல்ல விஷயம். ஆனால் மாத்திரை வருகிறதே என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. அளவு மாற்ற வேண்டியிருக்கலாம். தலைசுற்றல் மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் மாசக்கணக்கில் போடக் கூடாது. சில மாத்திரைகளால் கை நடுக்கம், நடை தளர்ச்சிகூட வரும்.

ஒன்றை மட்டும் மனசில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று தலைசுற்றி, கூடவே பேச்சு குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கால் செயலிழந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால், இதுவரை வராத கடும் தலைவலி வந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். நெஞ்சுவலி, மயங்கி விழுதல் இருந்தாலும் ஆபத்துதான். உடனே 108. வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறும். ரத்த அடைப்பால் வந்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "காலையில பார்த்துக்கலாம்" என்பது நமக்கு நாமே செய்யும் துரோகம்.

டாக்டரிடம் போகும் முன் நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, வீடு சுற்றுதா, கண் இருட்டுதா, நடை தள்ளாடுதா? இரண்டு, எவ்வளவு நேரம்? மூன்று, எதைச் செய்தால் வருது? நாலு, கூடவே காது, தலைவலி, வாந்தி ஏதாவது உண்டா? போடுகிற எல்லா மாத்திரையையும் பையில் எடுத்துப் போங்க. தீர்மானப் புத்தகம் எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா? "மயக்கமா இருக்கு"ன்னு ஒரே வார்த்தையில் சொன்னால் டாக்டரும் ஒரே மாத்திரையைத்தான் எழுதுவார்.

சரியாகும் வரை ஏணி, பரண், கிணற்று மேடை பக்கம் போகாதீங்க. எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுங்க. அடுப்பு வேலையில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். ராத்திரி வெளியே போனால் விளக்கும் துணையும் வேணும்.

இனி குழுக்களுக்கு எங்கள் வேண்டுகோள். உறுப்பினர் இரண்டு கூட்டத்துக்கு வராவிட்டால், அபராதம் போடும் முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உடம்புக்கு முடியாதவருக்கு அபராதம் வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள். போக்குவரத்துச் செலவுக்கு அவசரக் கடன் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி துணைக்குப் போங்கள். தலைசுற்றுகிறவர் தனியாக பஸ் ஏற முடியாது என்பதை நாங்கள் அந்த அக்காவிடம்தான் கற்றுக்கொண்டோம்.

அறிக்கையில் எழுதியதை நாங்கள் திருத்திவிட்டோம். அபராதத்தைக் குழு திருப்பிக் கொடுத்தது. அக்கா அதை வாங்கி, தன் கையாலேயே சேமிப்புக் கணக்கில் வரவு எழுதினார். இன்றைக்கு அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லுங்கள் என்று எங்களைப் பேச வைத்ததும் அவர்தான்.