அரசுக் கல்லூரி: தெரிவும் செலவும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றார் உ.வே.சாமிநாதையர். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். அந்த ஒரு கேள்வி ஐயரைச் சமணர் இல்லங்களின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. அவர் கொண்ட ஐயங்களுக்கு அவ்வூர்ச் சமணக் குடும்பத்தார் மனமுவந்து விளக்கம் தந்தனர். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னாளில் அதே கல்லூரியின் முதல்வர் இருக்கையில் தமிழ்ச் சமணரான பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அமர்ந்தார். 1936-இல் நீலகேசியை உரையுடன் பதிப்பித்து உலகுக்கு அளித்தார்.

1854-இல் பள்ளியாகத் தோன்றிக் கல்லூரியாக வளர்ந்தது அந்நிறுவனம். அன்றும் அது அரசுக் கல்லூரி. இன்றும் அரசுக் கல்லூரி. சமணக் காப்பியம் அச்சில் வாழ்வு பெற்றதற்கும், சமண அறிஞர் ஒருவர் பெருமை பெற்றதற்கும் அரசுக் கல்லூரி ஒன்று களமாக இருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இன்று பல வீடுகளில் கேட்கும் ஒரு சொல் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். "வேறு வழியில்லாதவர்கள் போகும் இடமல்லவா அரசுக் கல்லூரி?" என்பதே அச்சொல்.

அச்சொல் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு ஏக்கர் நிலம் வைத்துப் பயிர்செய்யும் ஒரு தந்தை; கணிதத்தில் நாட்டமுள்ள ஒரு மகள்; அவளுக்குப் பின் பத்தாம் வகுப்பில் ஒரு தம்பி. "அப்பா, செய்யாற்றில் கணிதம் கிடைத்தால் எனக்குப் போதும்" என்கிறாள் மகள். தந்தையோ தொலைவில் உள்ள தனியார் பொறியியல் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடத்துக்கு முன்பணம் கட்ட நாள் பார்த்துவிட்டார். "கலைக் கல்லூரிக்கு அனுப்பினால் உறவினர் என்ன நினைப்பார்கள் அம்மா?" என்பது அவர் மறுமொழி. இது ஏதோ ஒரு வீட்டின் கதை அன்று. ஆண்டுதோறும் மே, ஜூன் திங்களில் ஆரணி, செஞ்சி, திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் நடப்பது. தந்தையின் அன்பில் குறையில்லை. ஆனால் அன்பு கணக்குப் பார்க்காமல் போகும்போது, நிலம் போகிறது. தம்பியின் படிப்பும் கேள்விக்குறியாகிறது.

ஆகவே தெரிவைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பாடம்; கல்லூரி அதற்குப் பின்னரே. மகளுக்குக் கணிதத்தில் மனம் என்றால் அவளுக்கு உரியது கணிதம். மகனுக்கு இயந்திரத்தில் மனம் என்றால் அவனுக்கு உரியது பொறியியல். பொறியியல் என்றாலே தனியார் கல்லூரி என்று எண்ண வேண்டியதில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரி முதல் கோவை, சேலம், திருநெல்வேலி, வேலூர் அரசுக் கல்லூரிகள் வரை இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் ஆரணியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. இவற்றுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வே வழி. அங்கே விருப்பப் பட்டியலில் முதலில் எழுதப்பட்டதே முதலில் பார்க்கப்படும். எனவே கிடைக்குமா என்று அஞ்சி விரும்பாததை முன்னும் விரும்பியதைப் பின்னும் எழுதுவது பெரும்பிழை. மனத்தில் உள்ள வரிசையே தாளிலும் இருத்தல் வேண்டும்.

கலை, அறிவியல் பாடங்களுக்குத் திருவண்ணாமலை, செய்யாறு, விழுப்புரம் ஆகிய ஊர்களில் 1960-களில் தோன்றிய அரசுக் கல்லூரிகள் உள்ளன. அவை தோன்றுவதற்கு முன்பு, வெளியூரில் தங்கிப் படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே பட்டம் எட்டியது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியே விண்ணப்பம் செய்யப்படுகிறது. விண்ணப்பிக்கு முன் பெற்றோர் ஒருநாள் ஒதுக்கிக் கல்லூரியை நேரில் காண்பது நன்று. துறையில் நிலையான ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், ஆய்வகம் திறந்திருக்கிறதா, நூலகத்தில் மாணவர் அமர்ந்திருக்கின்றனரா, முதுநிலைப் பாடம் அங்கேயே உண்டா என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். இறுதியாண்டு மாணவர் இருவரிடம் பேசினால் விளம்பரத் தாள் சொல்லாத செய்திகள் தெரியவரும்.

தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு: உணவு. பொழுது சாய்ந்தபின் உண்ணாத நெறியைக் காக்கும் பிள்ளைக்கு, இரவு எட்டு மணிக்கு உணவு மணி அடிக்கும் விடுதி ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. வீட்டிலிருந்து சென்றுவரும் தொலைவில் உள்ள அரசுக் கல்லூரி இச்சிக்கலையே இல்லாமல் செய்துவிடுகிறது. சுழற்சி முறை உள்ள கல்லூரிகளில் முதற்சுழற்சி வகுப்புகள் நண்பகலை ஒட்டி முடிந்துவிடுகின்றன. பிள்ளை வெயில் இருக்கும்போதே வீடு திரும்பலாம். வெளியூர்தான் செல்ல வேண்டும் என்றால், சேர்க்கைக்கு முன்பே விடுதிக் காப்பாளரிடம் உணவு நேரத்தைப் பேசிவிடுவதும், நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு வீடு எடுத்துச் சமைத்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஒத்த வழிகள். இதைக் கேட்க எவரும் நாண வேண்டியதில்லை.

இனிச் செலவு.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது. சேர்க்கை, ஆய்வகம், தேர்வு, பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கான சிறு கட்டணங்களே உள்ளன. மாணவர்க்கு இலவசப் பேருந்துப் பயண அட்டை உண்டு. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டத்தில் திங்கள்தோறும் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அத்திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் உள்ளது. அவ்வழியே சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகும் பிள்ளைக்குத் தொழிற்படிப்புக் கலந்தாய்வில் கட்டணச் சலுகை உண்டு. இவற்றுக்குரிய சான்றுகளைத் தேர்வு முடிவு வரும் முன்பே பெற்றுவைப்போர் கடைசி நேர அலைச்சலுக்கு ஆளாவதில்லை.

2014 ஜனவரி 27 அன்று சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதனால் சிறுபான்மையினர்க்குரிய கல்வி உதவிகளுக்கும், டாம்கோ வழியாகத் தரப்படும் குறைந்த வட்டிக் கல்விக் கடனுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் அவ்வாண்டின் அறிவிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் கருத்திற்கொள்ளத்தக்கது: உதவித்தொகை கைக்கு வந்தபின் அது வரவு, வருமுன் அது நம்பிக்கை. நம்பிக்கையை வரவுப் பக்கத்தில் எழுதுவது கூடாது.

கடன் பற்றியும் தெளிவு வேண்டும். ஆண்டுக்கு ஒரு இலட்சமாக நான்கு ஆண்டுகளில் நான்கு இலட்சம் வங்கிக் கடன் பெறப்படுகிறது என்றும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்ளலாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும் என்பது உண்மை. ஆனால் வட்டி அதுவரை உறங்குவதில்லை. முதலாண்டு இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000; அடுத்தடுத்த இலட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் கூடுதல் 1,40,000. முதல் தவணை கட்டும் நாளில் பிள்ளையின் தோளில் இருப்பது நான்கு இலட்சம் அன்று. ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம். கடன் தீது என்பதன்று கருத்து. நல்ல பாடத்துக்கு, நல்ல கல்லூரிக்கு, அளவறிந்து பெறும் கடன் ஏணி. ஊரார் பேச்சுக்கு அஞ்சிப் பெறும் கடன் சுமை.

தனியார் கல்லூரியையே தேர்ந்தெடுத்தாலும் இரண்டு விதிகளை அறிந்திருத்தல் நலம். கட்டாய நன்கொடை பெறுவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் உள்ளது. மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. கொடுத்த பணத்துக்கெல்லாம் இரசீது கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

அரசுக் கல்லூரியில் குறையே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. ஆசிரியப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதுண்டு. வகுப்பில் மாணவர் நெருக்கம் மிகுதி. ஆங்கிலத்தில் பேசிப் பழகும் வாய்ப்புக் குறைவு. வேலைவாய்ப்பு முகாம்கள் தனியார் கல்லூரிகளைப் போல அடிக்கடி நடைபெறுவதில்லை. இக்குறைகளை மறைத்துப் பிள்ளையை அனுப்பினால், முதல் ஆண்டிலேயே அது மனம் சோர்ந்துபோகும். குறையை அறிந்து அனுப்பினால் அதை நிரப்ப வழி தேடலாம். தனியார் கல்லூரிக்குச் சென்றிருக்கக் கூடிய தொகையில் ஒரு சிறு பகுதி போதும்: ஒரு மடிக்கணினி, ஆங்கிலப் பயிற்சி, முதுநிலை நுழைவுத் தேர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் வேண்டிய நூல்கள். மிச்சப்பட்ட பணம் திருமண மண்டபத்துக்குப் போய்விட்டால் அரசுக் கல்லூரியைத் தேர்ந்த பயன் பாதியாகிவிடும். கல்விக்கென எண்ணிய பணம் கல்விக்கே செல்ல வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல் உரியது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையுடன் சேர்ந்தார் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே மூழ்கியிருந்தமையால் பிற பாடங்களில் தவறினார்; உதவித்தொகையை இழந்தார்; கல்லூரியையும் விட்டு நீங்க நேர்ந்தது. உலகமே வியந்த மேதைக்கும் உதவித்தொகையின் நிபந்தனை தளரவில்லை. வருகைப்பதிவு, தேர்ச்சி, புதுப்பித்தல் விண்ணப்பம் ஆகிய மூன்றையும் ஒவ்வோராண்டும் காப்பது மாணவரின் கடமை. கட்டணம் இல்லை என்பதற்காகக் கல்வியும் மலிவானது என்று கருதும் பிள்ளையை எந்தக் கல்லூரியாலும் காக்க இயலாது.

அறக்கட்டளைகளுக்கும் இங்கே பணி உண்டு. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நான்கு தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. ஏடு எழுதி முனிவர்க்கும் மாணாக்கர்க்கும் அளித்த முன்னோரின் வழியில், இன்று அரசுக் கல்லூரி மாணவர்க்குப் பாடநூல் அளிப்பதும், தேர்வுக் கட்டணம் செலுத்துவதும், மாவட்டத் தலைநகரில் சூரியன் மறையுமுன் உணவளிக்கும் ஒரு சிறு மாணவர் இல்லம் நடத்துவதும் அத்தானமே ஆகும். கல்லூரி முடித்த மூத்த மாணவர் ஒவ்வொருவரும் விண்ணப்பக் காலத்தில் இரண்டு வீடுகளுக்கு வழிகாட்டினால் அதற்குப் பொருட்செலவும் இல்லை.

மீண்டும் அந்த வந்தவாசிப் பக்கத்து வீட்டுக்கு வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டும் நாளுக்கு முந்தைய மாலை, வெளிச்சம் இருக்கும்போதே உணவை முடித்துக்கொண்டு, வீட்டார் அனைவரும் ஒரு தாளைச் சுற்றி அமரட்டும். மகள் விரும்பும் பாடம் எது என்பதை அவளே எழுதட்டும். அப்பாடம் உள்ள அரசுக் கல்லூரியின் மூன்றாண்டுச் செலவை ஒருபுறமும், மற்றதன் நான்காண்டுச் செலவையும் வட்டியையும் மறுபுறமும் தந்தை எழுதட்டும். தம்பியின் பெயரையும் அத்தாளில் ஓரிடத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஊரார் என்ன நினைப்பார்கள் என்பதை எழுத அத்தாளில் இடமில்லை. அதன் பிறகும் தனியார் கல்லூரியே தக்கது என்று தோன்றினால், அது ஆராய்ந்து எடுத்த முடிவு, அதில் பழுதில்லை. அரசுக் கல்லூரியே தக்கது என்று தோன்றினால், அந்தப் பெண் தலைநிமிர்ந்து செய்யாற்றுப் பேருந்தில் ஏறட்டும். சிந்தாமணியை அச்சேற்றிய ஆசிரியர் கற்பித்ததும் அத்தகைய ஒரு கல்லூரியில்தான் என்று அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.