ஆங்கில வாத்தியாரின் தமிழ்

நடுவர் அவர்களே! ஆங்கிலம் படிச்சா தமிழ் போயிடும்னு எதிரணித் தோழர் கண்கலங்கினார். வாங்க, தூத்துக்குடிக்குப் போவோம். அங்கே வ.உ.சி. கல்லூரியில் முதல்வராக இருந்தவர் அ. சீனிவாசராகவன். அவர் ஆங்கிலப் பேராசிரியர். ஷேக்ஸ்பியரைப் படித்த அதே கண்ணால் கம்பனையும் பாரதியையும் ஆராய்ந்து எழுதினார். உப்புத் தண்ணியிலே மூழ்கித்தானே அந்த ஊர்க்காரன் முத்து எடுத்தான்? (கைதட்டல்)

கவிதைக்கு அவர் வைத்துக்கொண்ட பேர் 'நாணல்'. முதல்வர் நாற்காலியில் இருந்த மனுஷர் 'ஆலமரம்'னு வச்சுக்கலை பாருங்க! (சிரிப்பு) அவருடைய 'வெள்ளைப் பறவை' கவிதை நூலுக்கு 1968-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

எங்க வீட்டுப் பேரனுக்கு ரெண்டு மொழியும் அரைகுறை. அதுக்கு அவனைப் பக்கத்துலே உட்கார வச்சுப் படிக்காத நான் காரணமா, ஆங்கிலம் காரணமா? எதிரணித் தோழர் எழுந்து சொல்லட்டும்!