ஆரவாரத்தின் எல்லை



விளையாட்டுப் போட்டி எதுவாயினும் அதிலே மூன்று கட்சியினர் உளர். ஆடுவோர் இரு கட்சியினர். பார்ப்போர் மூன்றாங் கட்சியினர். ஆடுவோருக்கு விதிநூல் உண்டு. அவ்விதியை மீறுவோரைத் தண்டிக்க நடுவரும் உண்டு. பார்ப்போருக்கோ எழுதி வைத்த விதிகள் மிகச் சிலவே. ஆதலின் அவர்களுடைய நடத்தை அவரவர் வளர்ப்பையும், அவர்கள் பயின்ற கல்லூரியின் மரபையுமே பெரும்பாலும் பொறுத்து அமைகின்றது. இந்த மூன்றாங் கட்சியினரைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

எடுத்துக்காட்டுக்காக நான் தெரிந்துகொண்ட ஆட்டம் நமக்குச் சற்றுத் தொலைவானது. வட அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் பனிக்கட்டித் தளத்தின்மேல் ஆடும் ஹொக்கியே அது. நம் ஊர்ப் போட்டியைப் பேசத் தொடங்கினால், "எந்தக் கல்லூரியின் பக்கம் நின்று பேசுகின்றார்?" என்ற ஐயம் கேட்போருக்கு உடனே எழும். தொலைவிலுள்ள ஆட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே நிறைகுறைகளைத் தெளிவாகக் கண்டபின் நம் மைதானத்துக்கு வருவது எளிது.

நாமறிந்த ஹொக்கி புற்றரையிலே அணிக்குப் பதினொருவராக ஆடப்படுவது. பனிக்கட்டி ஹொக்கியிலோ ஒரு நேரத்தில் அணிக்கு அறுவரே களத்தில் நிற்பர். அவர்கள் காலிலே கூரிய உருக்குத் தகடு பொருத்திய சப்பாத்தணிந்து வழுக்கி விரைவர். பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உடைய கடினமான இறப்பர் வில்லையைக் கோலால் அடிப்பர். களம் பொதுவாக 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. ஆட்டம் இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக நிகழும். கூரை மூடிய மண்டபம். களத்தைச் சூழ்ந்து பலகைச் சுவர். அதன்மேல் கண்ணாடித் தடுப்பு. அத்தடுப்பின் மறுபுறத்திலேயே பார்வையாளர் அமர்ந்திருப்பர். எனவே அவர்கள் எழுப்பும் ஒவ்வொரு சொல்லும் ஆடுவோர் காதிலே நேரே விழும் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

மண்டபத்தினுள்ளே ஒழுங்குபடுத்தி ஆடப்பட்ட முதல் ஆட்டம் 1875-ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் நடைபெற்றது. அமெரிக்காவிலே 1896-இல் யேல் பல்கலைக்கழகமும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் மோதின. 1948-இல் கல்லூரிகளுக்கிடையிலான தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கிற்று. 1952 முதல் பொஸ்ரன் நகரத்துப் பல்கலைக்கழகங்கள் நான்கு, பீன்பொட் என்னும் கிண்ணத்துக்காகப் போட்டியிட்டு வருகின்றன. இத்துணை நீண்ட வரலாறு உடைமையால், ஆடுவோருக்கு மட்டுமன்றி ஆர்ப்பரிப்போருக்கும் பல வழக்கங்கள் தோன்றின.

அவற்றுட் சில நம்மைச் சிரிக்க வைப்பன. எதிரணியின் கோல் காப்பாளர் ஒரு கோலைத் தவறவிட்டால், மாணவர் அனைவரும் ஒரே குரலில் அவரைச் "சல்லடை" என்று அழைப்பர். நீரைத் தாங்காத சல்லடைபோல் இவரும் எதையும் தடுக்கமாட்டார் என்பது பொருள். நியூயோர்க் மாநிலத்துக் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா அரங்கு 1957-இல் திறக்கப்பட்டது. அங்கே எதிரணியினரின் பெயர்கள் அறிவிக்கப்படும்போது, மாணவர்கள் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படிப்பதுபோல் நடிப்பர். வெற்றி உறுதியாகிவிட்டால், சாவிக்கொத்துகளை எடுத்துக் குலுக்குவதும் உண்டு. "உங்கள் பேருந்தைப் புறப்பட ஆயத்தம் செய்யுங்கள்" என்று விருந்தினருக்குக் குறிப்பாற் சொல்வதே அது.

இவை கேலிதாம். ஆயினும் இவற்றிலே ஒரு வரம்பு காணப்படுகின்றது. சல்லடை என்பது அந்த இளைஞன் அன்று ஆடிய ஆட்டத்தைக் குறித்த சொல். அடுத்த வில்லையை அவன் பாய்ந்து தடுத்துவிட்டால் அச்சொல் பொய்யாகிவிடும். கேலி செய்தவரே வாயடைத்துப் போவர். கேலிக்கு ஆளானவன் தன் திறமையினாலேயே அதற்கு விடைகூற இயலுமாயின், அக்கேலி ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

அதே அரங்குகளில் இவ்வரம்பு கடக்கப்பட்ட கதையும் உண்டு. கோர்னெல் பல்கலைக்கழகம் வேளாண்மைக் கல்விக்குப் பெயர்போனது. ஹாவார்டோ பழம்பெருமையும் செல்வச் செழிப்பும் உடையது. 1973-ஆம் ஆண்டளவில் இவ்விரு அணிகளும் ஆடிய ஓர் ஆட்டத்தில், ஹாவார்டின் பக்கத்துப் பார்வையாளர் ஒருவர் கோர்னெலின் கோல் காப்பாளரை நோக்கிக் கோழியொன்றை வீசினார் என்று சொல்லப்படுகின்றது. "நீங்கள் கோழி வளர்க்கக் கற்பவர்கள்தானே" என்பது அதன் குறிப்பு. பொஸ்ரன் பகுதி மீன்பிடித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதனாற் கோர்னெல் மாணவர்கள் தம் அரங்குக்கு ஹாவார்ட் அணி வந்தபோது மீன்களை வீசிப் பழி தீர்த்தனர். பின்னர் அதுவே ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாயிற்று.

இதிலே சிரிப்புக்கு இடமிருக்கின்றது. ஆனால் அக்கோழி யாரை நோக்கி வீசப்பட்டது என்று சிந்தித்துப் பாருங்கள். வெளிக்குக் கோல் காப்பாளரை நோக்கி. உண்மையிலோ உழவுத் தொழிலை நோக்கி. அன்று ஆடப்பட்ட ஆட்டத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கமத்தொழிலால் வாழும் குடும்பத்து மக்கள் நிறைந்த நம் நாட்டிலே இக்குறிப்பின் கூர்மையை நான் விளக்கத் தேவையில்லை. மேலும், வழுக்கும் தளத்திலே ஒரு மீன்துண்டு கிடந்தாலும் ஓடிவருபவன் தடுக்கி விழுவான். அதனாலேதான், களத்துள் பொருள்களை எறிந்து ஆட்டத்தைத் தடைசெய்தால், எறிந்தோரின் சொந்த அணிக்கே நடுவர் தண்டனை விதிக்கலாம் என்று விதி அமைந்துள்ளது. ஒருவனுடைய ஆத்திரத்தால் அவன் நேசிக்கும் அணியே ஓர் ஆளை இழந்து ஆட நேரும். இதைவிட நல்ல பாடம் வேறு எது?

சொல்லால் வரம்பு கடப்பதும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கிலே, எதிரணி வீரர் ஒருவர் தண்டனை பெற்று வெளியேறும்போது மாணவர் கூட்டம் இழிசொற்களை அடுக்கிக் கூவும் வழக்கம் வளர்ந்தது. அவ்வணிக்கு 1984 முதல் 2017 வரை பயிற்றுநராக விளங்கிய ரெட் பெரென்சன், அதனை நிறுத்துமாறு மாணவரையே கேட்டுக்கொண்டார். குடும்பத்தோடு சிறுபிள்ளைகளும் வந்தமரும் இடத்திலே அச்சொற்கள் ஒலிக்கலாகாது என்பதே அவர் தரப்பு. தம் அணிக்காகத் தொண்டை வறளக் கத்துவோரிடமே ஒரு பயிற்றுநர் இவ்வாறு சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

இனி, ஆரவாரம் முற்றாக அடங்கிய ஒரு நாளைக் கூறுகின்றேன். 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 20-ஆந் திகதி, பொஸ்ரன் பல்கலைக்கழக அணியும் நோர்த் டகோட்டா அணியும் ஆடின. அவ்வாண்டின் தேசிய வெற்றியைக் கொண்டாடும் கொடி பொஸ்ரன் அரங்கிலே ஏற்றப்பட்ட நாள் அது. டிராவிஸ் ரோய் என்னும் 20 வயது இளைஞர் பல்கலைக்கழக அணிக்காக முதன்முதல் களமிறங்கினார். இறங்கிப் பதினொரு வினாடிக்குள், எதிராளியைத் தடுக்க விரைந்தவர் நிலைதவறிப் பலகைச் சுவரிலே தலை மோத வீழ்ந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. பார்வையாளரிடையே அமர்ந்திருந்த தந்தையார் களத்துக்கு இறங்கி வந்து மகனருகே மண்டியிட்டார். அன்று முதல் ரோயின் கைகால்கள் பெரும்பாலும் இயங்கவில்லை. ஆயினும் அவர் படிப்பை முடித்தார். தம்மைப் போல் முதுகந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு உதவ ஓர் அறநிலையம் நிறுவினார். அவர் அணிந்த 24-ஆம் இலக்கத்தை வேறெவரும் அணியாதவாறு பல்கலைக்கழகம் 1999-இல் ஒதுக்கி வைத்தது. 2020-இல் அவர் காலமானார்.

இந்நிகழ்ச்சியில் எவருடைய குற்றமும் இல்லை. எனினும் அரங்கிலே அமர்வோர் அனைவரும் இதனை நினைவில் வைத்தல் நன்று. காப்புடைக்கும் தலைக்கவசத்துக்கும் உள்ளே இருப்பவன் ஒரு தாய்தந்தையின் பிள்ளை. அவர்களும் பெரும்பாலும் அதே கூட்டத்தில், உங்களுக்கு முன்வரிசையிலோ பின்வரிசையிலோ அமர்ந்திருக்கின்றனர். அவனைக் குறித்து நீங்கள் கூவுவதை முதலிற் கேட்பவர்கள் அவர்களே.

அந்நாட்டு வழக்கங்களில் நாம் விரும்பிக் கொள்ளத்தக்கனவும் உள. வாத்தியக் குழு ஆட்டம் நின்றிருக்கும் இடைவெளியில் மட்டுமே வாசிக்கும். வில்லை ஓடத் தொடங்கியதும் வாத்தியம் ஓயும். ஒருவரே மூன்று கோல் அடித்தால் மக்கள் தம் தொப்பிகளைக் களத்துள் வீசிப் பாராட்டுவர். ஆட்டத்தை நிறுத்தி அவற்றைப் பொறுக்கி எடுப்பர். காயமுற்ற வீரன் எழுந்து செல்லும்போது, அவன் எந்த அணியினன் என்று பாராது கைதட்டுவர். இறுதியில் இரு அணியினரும் எதிரெதிர் வரிசையாக வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பர். அதுவரை பொறுத்திருந்து காணும் பார்வையாளனே ஆட்டத்தை முழுமையாகக் கண்டவனாவான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பனிக்கட்டி இல்லை. ஆனால் பெரும்போட்டிகள் உண்டு. கொழும்பிலே றோயல் கல்லூரிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெற் போட்டி 1879-இல் ஆசிரியரும் சேர்ந்தாடத் தொடங்கி, 1880 முதல் மாணவர் போட்டியாக நிலைபெற்றது. யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904-இல் தொடங்கிய போட்டியை வடக்கின் பெரும்போர் என்றே அழைக்கின்றோம். பெயர் போர் ஆயினும் அது விளையாட்டு என்பதை நாம் மறக்கலாகாது.

கொழும்புப் போட்டியின் வரலாற்றிலே ஒரு சுவையான செய்தி உண்டு. 1885-இல் றோயல் அணி 9 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அப்போட்டி தம் வெற்றி என்று தோமஸ் கல்லூரியார் கணக்கு வைத்துள்ளனர். வெற்றி தோல்வியற்றது என்று றோயல் கல்லூரியார் கணக்கு வைத்துள்ளனர். இரண்டு கணக்கும் அப்படியே இருக்க, இரு கல்லூரிகளும் நூறாண்டுக்கு மேலாகக் கூடி ஆடி வருகின்றன. கருத்து மாறுபாடு பகையாக வேண்டுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும் நம் மைதானங்களில் நான் கேட்டவை எல்லாம் இத்தகைய இனிய செய்திகள் அல்ல. பல்லாண்டு பாடசாலைகளில் பணிபுரிந்தவன் என்ற முறையில் இதனைச் சொல்லியாக வேண்டும். பிடியொன்றைத் தவறவிட்ட சிறுவனின் ஊரையும், தகப்பனின் தொழிலையும், அவன் பிறந்த சாதியையும் இழுத்துக் கூவியதை நான் கேட்டிருக்கின்றேன். கூவியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். மீசை நரைத்த பழைய மாணவர்களும் இருந்தனர். அமெரிக்க மாணவர் பல்கலைக்கழகத்து வளர்ந்த இளைஞர். நம் களத்தில் நிற்போர் இன்னும் பள்ளிப் பிள்ளைகள். தவறவிட்ட பிடியை அடுத்த பந்திலே அவன் ஈடுசெய்யலாம். பிறப்பைக் குறித்த வசைக்கு எந்தப் பந்திலே விடை சொல்வான்?

எனவே, ஆர்ப்பரிக்கும் ஒவ்வொருவரும் வாய்திறக்குமுன் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: நான் சொல்லப்போவது இவன் செய்த செயலைப் பற்றியதா, இவனைப் பற்றியதா? செயலைப் பற்றியதாயின் உரக்கச் சொல்லுங்கள். பாட்டாகக் கட்டியும் பாடுங்கள். அவனைப் பற்றியதாயின் விழுங்கிவிடுங்கள்.

வள்ளுவர் விருந்தோம்பலை அடுத்து இனியவை கூறலை வைத்தார். விருந்தினரை வரவேற்றபின் முதலில் வேண்டுவது இன்சொல் என்று அவ்வைப்புமுறைக்கு நாம் பொருள் கொள்ளலாம். நம் மைதானத்துக்கு ஆடவரும் அணி நம் வீட்டு விருந்து. அவர்கள் இல்லையேல் நம் பிள்ளைகளுக்குப் போட்டியும் இல்லை, வெற்றியும் இல்லை.

இவ்வொழுக்கத்தைக் காவற்றுறையினரைக் கொண்டு நிலைநாட்ட முடியாது. கொடி பிடிக்கும் மாணவத் தலைவர்களும், மேளத்தை முன்னின்று நடத்துவோரும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பழைய மாணவர்களுமே இதற்குப் பொறுப்பானவர்கள். ஒரு தகாத சொல் எழும்போது பக்கத்திலிருப்பவர் திரும்பி ஒருமுறை பார்த்தாலே போதும்; பெரும்பாலும் அச்சொல் இரண்டாம் முறை எழாது. அடுத்த போட்டிக்குச் செல்லும் நேயர்கள் அந்தப் பார்வையைத் தம்முடன் கொண்டு செல்வார்களாக.